தவளையின் முன்சக்கரம்

உலகத்தில் வண்டி வாங்கினவர்கள் எல்லாரும் சக்கரத்தின் மேலே உட்கார்ந்து போவார்கள். அம்சவல்லி வீட்டில் சக்கரம்தான் அம்சவல்லியின் மேலே உட்கார்ந்து போனது.

விடிந்தும் விடியாத வேளையில் அந்த ஊர்வலம் வீட்டை விட்டுக் கிளம்பும். முன்னால் அம்சவல்லி. தலையில் துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு, சும்மாட்டின் மேல் பழைய கோரைப்பாயில் சுற்றிய வண்டிச் சக்கரம், தாடைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் கொடுத்த கழுத்துப்பட்டை. இனிமேல் தலையில் கூடை தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சக்கரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், இப்படி ஒரு நோயாளி வருவாள் என்று அவருக்கு எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்திருக்கப் போகிறார்கள்.

பின்னால் புருஷன் சிவஞானம். இரண்டு கையிலும் வண்டியின் பேட்டரியை ஏந்திக்கொண்டு, சாய்ந்தால் ஆசிட் கொட்டிவிடும் என்று, பிரசவ வார்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிவருகிறவன் மாதிரி அடிமேல் அடி வைத்து வருவான். வண்டிச் சாவி அவன் இடுப்பில், அரைஞாண் கயிற்றில். இரண்டு பேரும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி, வேலிக்காத்தான் முள்ளுக்குள் இறங்கி, உப்பளத்துப் பெரிய வரப்பைப் பிடித்து நடப்பார்கள்.

"மேக்கால மேகம் கட்டுது பாத்தியா" என்றான் சிவஞானம், அன்றைக்கு.

"ம்."

"அனுமந்தையில மறுபடி ஒரு மீன்புடி போட்டு இன்ஜின காணமாம். கழட்டிக்கினு பூட்டானுங்களாம்."

"ம்."

"ஒரு மனுசன் பேசிக்கினே வர்றான். திரும்பிப் பாத்து ஒரு வார்த்த பேசினா இன்னா, கொறஞ்சா போயிடும்?"

அம்சவல்லி நேரே பார்த்தபடி நடந்தாள். கல்யாணம் ஆன புதிதிலிருந்து அவன் பாடிவருகிற குறை இது. வீட்டில் நன்றாகத்தான் பேசுகிறாள். உப்பளத்தில் கால் வைத்துவிட்டால் போதும், எது கேட்டாலும் முகத்தைத் திருப்பாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள். "கிளியனூர்க்காரி. நெல்லு வெளையிற ஊருல பொறந்த திமிரு" என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்திருந்தான். அம்சவல்லியும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. சிலதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடத் திமிர் என்று பெயர் வாங்குவது சுலபம்.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்தியில் இறங்கிப் பலகை போட்டு உப்பை வாருகிறது ஆம்பிளை. வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வரப்பாக நடந்து, ரோட்டோரத்து மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறது பொம்பளை. யார் எப்போது பிரித்தார்கள் என்று தெரியாது. பிரித்தவன் பலகை பிடித்தவனாகத்தான் இருக்கவேண்டும். தை மாசம் தொடங்கி மழை பிடிக்கிற வரைக்கும் அம்சவல்லியின் கழுத்து வழியாக எத்தனையோ ஊர்க் குழம்புக்கு உப்பு போனது. கடைசியில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார் டாக்டர்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவரும்போது பஸ்ஸில் சிவஞானம் வாயே திறக்கவில்லை. வாய் ஓயாத மனுஷன் அவன். அம்சவல்லிக்கே பயமாகிவிட்டது. அந்த வாரமே கூனிமேட்டு உப்பு வியாபாரி இப்ராஹீம் பாயோடு எங்கேயோ போனான். ரோட்டோரத்தில் மூடிக்கிடந்த ஒரு ரிசார்ட்டில் சாமான்களை ஏலம் போட்டார்களாம். பாய் பிளாஸ்டிக் நாற்காலி எடுக்கப் போயிருந்தார். சிவஞானம் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அதை வண்டி என்று சொல்ல முதலில் யாருக்கும் வாய் வரவில்லை. பைக் மாதிரி ஹேண்டில்பார், டிராக்டர் பிள்ளை மாதிரி நாலு உருண்டைச் சக்கரம், இரண்டு பக்கமும் முழித்துப் பார்க்கிற லைட்டு. ரிசார்ட்டுக்கு வந்த ஜனங்கள் மணலில் ஓட்டி விளையாடினது. உப்பு வேலைக்கு வருகிறவர்களில் தெய்வநாயகி என்று ஒருத்தி, அவள் வாய்க்கு உப்பளமே அடங்கும். அவள்தான் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தாள்.

"குந்திக்கினு இருக்கற லட்சணத்தப் பாரு. தவள."

ஆனால் தவளை வரப்பில் ஓடியது. டிராக்டர் ஏறினால் இடிகிற வரப்பு, மோட்டார் பைக்கில் பாரம் கட்டினால் சரிகிற வரப்பு, அதில் தவளை சமத்தாகப் போனது. தெய்வநாயகியின் தம்பி சரத்குமார் பஜாரில் பைக் மெக்கானிக். அவன் பழைய தகரத்தை வெட்டி ஒட்டிப் பின்னால் இழுக்க ஒரு குட்டி டிரெய்லர் செய்துகொடுத்தான். முதல் நாள் பொம்பளைகள் டிரெய்லரில் உப்பைக் கொட்டிவிட்டு வெறும் கையை வீசிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நடந்தார்கள்.

"உன் கழுத்துக்குத்தான் அம்சா" என்றான் சிவஞானம் ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்குச் சங்கரா மீன் குழம்பு. அம்சவல்லி குழம்பில் உப்புப் போட மறந்திருந்தாள். அவனும் கேட்காமல் தின்றுவிட்டான்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போனது. நிஜமாகவே ஒரு டீ. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவர் டீக்கடை பெஞ்சில் இருந்தார். சிவஞானம் பெருமையாகத் தவளையின் கதையைச் சொல்ல, அவர் டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நம்பர் இருக்குதாப்பா?"

"மணல்ல ஓடற வண்டிங்க. நம்பர் கெடையாது."

"ஆர்சி புக்கு?"

"அதுவும் கெடையாது."

"அப்ப தொலஞ்சா, இன்னா தொலஞ்சுதுன்னு எழுதறது? இல்லாத வண்டிய எவன் தேடுவான்?"

அவர் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சிவஞானத்தின் தூக்கமும் கூடவே போனது. வீட்டுக்கு ஓட்டிவரவும் முடியாது. நம்பர் இல்லாமல் ரோட்டைத் தாண்டினால் பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள். ஆகவே தவளை உப்பளத்தில், சிவஞானம் வீட்டில், உயிர் நடுவழியில் வேலிக்காத்தானில் தொங்கியது.

முதலில் சங்கிலி. மோட்டார் கொட்டகைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும் போட்டான். உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று உப்பளத்துக்காரனுக்குத் தெரியாமல் போனதுதான் விசேஷம். கொஞ்ச நாளில் பூட்டும் சாவியும் ஒரே துருவாகிவிட்டன. ரம்பம் வைத்து அவனே அறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அளத்துக்காரர்கள் தடியோடு ஓடிவந்தார்கள்.

"யோவ், நாந்தான்யா."

"அதத்தான் கேக்கறோம். உன் வண்டிய நீயே ஏன்யா திருடற?"

அப்புறம் தொட்டால் கத்துகிற ஒரு சாமான் வாங்கி மாட்டினான். அது ரோஷக்காரச் சாமான். கடல் காற்று எழும்பினாலே கத்தியது. முதல் நாள் நாரை, கொக்கு எல்லாம் கூட்டமாக எழும்பிப் பறந்தன. பிறகு அவைகூடத் தலை தூக்கவில்லை. "சாய்ந்திரம் ஆயிடுச்சி போல" என்று பொம்பளைகள் கூடையைக் கழுவ ஆரம்பித்தார்கள். ஈரம் இறங்கி அதுவே ஒருநாள் விக்கிவிக்கிச் செத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் சக்கரத்தைக் கழற்றும் யோசனை வந்தது. "மூணு சக்கரத்துல எவன் ஓட்டிக்கினு போவான்?" என்றான், ஏதோ ராக்கெட் விட்டவன் மாதிரி. டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்துக் கொண்டுபோகலாமே என்று அம்சவல்லி கேட்டாள்.

"கூறுகெட்டவளே. டயர வண்டியில வச்சிக்கினு ரோட்டுல போனா, பாக்கறவன் எல்லாம் மீதி வண்டி எங்க இருக்குதுன்னு யோசிக்க மாட்டானா? நீ பாயில சுத்தித் தலையில வச்சிக்கினு போனா, பொம்பள ஏதோ தூக்கிக்கினு போவுறான்னு எவனும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்."

அது உண்மை என்பதுதான் அவளுக்கு எரிச்சல். இத்தனை மாசமும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சக்கரத்தை மாட்டிப் பேட்டரியை மாட்டி முடிக்க வெயில் ஏறிவிடும். இருட்டுவதற்குள் கழற்றவேண்டும் என்று மத்தியானமே ஸ்பானரைக் கையில் எடுத்துவிடுவான். நடுவில் தவளை இரண்டு நடை போனால் பெரிய விஷயம். மிச்சத்தைப் பொம்பளைகள் பழையபடி தலையில் தூக்கினார்கள். அம்சவல்லியும் தூக்கினாள், புருஷன் பார்க்காதபோது.

போன வாரம் அனுமந்தையில் முதல் இன்ஜின் காணாமல் போன சேதி வந்ததும் அவன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். ரோட்டோரத்து மேட்டில் உப்பைக் குவித்த அம்பாரங்கள் வரிசையாக நிற்கும், கீற்று வேய்ந்து. அந்த வரிசைக் கடைசியில் மூங்கிலை வளைத்து, தார்ப்பாய் போர்த்தி, மேலே கீற்று வேய்ந்து, அடியில் சுற்றிலும் உப்பைத் தூவிப் புதிதாக ஓர் அம்பாரம் எழுப்பினான். உள்ளே தவளை, முன்பக்கம் செங்கல் மேல் முட்டுக் கொடுத்தபடி.

"அம்பாரத்த எவன் திருடுவான்?" என்றான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "தூக்கவும் முடியாது, வித்தாலும் டீசலுக்குக் காணாது."

"சரி, இனிமே சக்கரம் இங்கயே இருக்கட்டுமே" என்றாள் அம்சவல்லி, நம்பிக்கையோடு.

"இருந்தாலும் ஒரு சேஃப்டிக்கு."

அம்சவல்லிக்குக் கோபம் குறைவாக இருந்தால் 'ங்க' போட்டுப் பேசுவாள். அதிகமானால் 'யோவ்'. அதையும் தாண்டினால் பேச்சே வராது. அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

வண்டியை ஒளித்துவைத்தபிறகு எப்படி எடுப்பது? பட்டப்பகலில் எல்லாரும் பார்க்க வெளியே எடுத்தால் ஒளித்ததற்கு என்ன அர்த்தம்? அதனால் தவளை அம்பாரத்துக்குள்ளேயே கிடந்தது. ஆனால் எடுக்கவேண்டி வந்தால்? அதனால் சக்கரம் தினமும் தலையில் வந்தது. சாயங்காலம் மாட்டாமலே தலையில் திரும்பிப் போனது.

மேற்கே மேகம் கட்டின அன்றைக்கு மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது தெய்வநாயகி ஆரம்பித்தாள். வைகாசி வெயிலில் பாத்தியெல்லாம் கண்ணாடியாக அடித்தது. வாரின உப்பு உள்வரப்பு நெடுகக் குமிகுமியாகக் கிடந்தது, அள்ளுவாரில்லாமல்.

"அக்கா, நான் நேரா சொல்லிடறேன். எறா கம்பெனியில ஆள் எடுக்கறானுங்க. வேன் வந்து ஏத்திக்கினு போவுதாம். ஐஸ்ல கை வெறைக்கும்தான். ஆனா தலையில ஒண்ணும் ஏறாது."

"தெய்வா, மழ வர்ற நேரத்துல இப்பிடிச் சொன்னா எப்பிடிடி?"

"நாங்க இன்னா மழய வரச் சொன்னமா? வண்டி வந்தா தலச்சும இல்லன்னு அண்ணன் சொல்லிச்சி. நாங்களும் சும்மாட்டத் தூக்கி எறிஞ்சோம். இப்ப இன்னாடான்னா வண்டிக்கு அம்பாரம் கட்டி வச்சிருக்குது. கோயிலு மாதிரி. சூடம் ஒண்ணுதான் பாக்கி." கருவாட்டுத் துண்டைக் கடித்துக்கொண்டு சிவஞானத்தின் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, நெசத்தச் சொல்லு. அதுல உப்பு ஏத்தறதுக்கு வாங்கினியா, மொட்ட போட்டு காது குத்தறதுக்கு வாங்கினியா?"

சிவஞானம் மோர்மிளகாயைக் கிள்ளினான். "உனுக்கு இன்னா தெரியும் தெய்வா? வண்டி ஒரு தபா திருடு பூடுச்சின்னா மறுபடி வாங்க முடியுமா? அவ கழுத்த நெனச்சித்தான் நான் இத்தினி பாடுபடறேன்."

அம்சவல்லி கழுத்துப்பட்டைக்குள் விரல் விட்டுச் சொறிந்தாள். உள்ளே வேர்வையும் உப்பும் சேர்ந்து அரித்தது. இவன் சொல்வது பொய்யில்லை. அதுதான் இதில் சகிக்கமுடியாத பங்கு. பொய்யாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம்.

"நாளைக்கு ஒரு நாள்" என்றாள் தெய்வநாயகி. "அக்கா மொகத்துக்கோசரம் வருவோம். நாளையோட வண்டி வெளிய வரல்லன்னா நாங்க வேன்ல ஏறிடுவோம்."

அவர்கள் போய்விட்டால் குமி எல்லாம் வரப்பிலேயே கிடக்கும். மழை பெய்தால் வந்த வழியே கடலுக்குப் போய்விடும். அந்த வருஷத்து உழைப்பில் பெரும்பங்கு அதுதான்.

மத்தியானத்துக்கு மேல் இப்ராஹீம் பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஒரு குடை. மழைக்கும் அவருக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் இருப்பது போல நடப்பார். மேட்டில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர் கடைசி அம்பாரத்தின் முன் நின்றார்.

"மாஷா அல்லாஹ். இது யாரு கட்டினது?"

"நாந்தான் பாய்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான் சிவஞானம்.

"எவ்வளோ அம்சமா இருக்குது. ஒரு கீத்துகூடப் பிசகல. ஞானம், நாளன்னிக்கி லாரி வருது. இந்த அம்பாரத்த எனக்கு எடுத்து வைய்யி."

"இது... இது வேணாம் பாய். அந்தாண்ட இருக்கறத எடுத்துக்கங்க."

"ஏன், இதுல இன்னா?"

"இது கொஞ்சம் கசிவு ஜாஸ்தி."

"கசியற உப்புக்கா இவ்வளோ அழகா கூரை போட்ட?" பாயின் முகம் மாறியது. "வேற யாருக்காவது வாக்குக் குடுத்துட்டியா? சொல்லிடு ஞானம். இத்தன வருசப் பழக்கம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." நினைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

அம்சவல்லிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போனாள், கீற்றைப் பிடித்தாள், தார்ப்பாயோடு சேர்த்து மேலே தூக்கினாள். உள்ளேயிருந்து தவளை இரண்டு கண்ணையும் விழித்துக்கொண்டு பாயைப் பார்த்தது.

பாய் குனிந்து தவளையை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு குடையை ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. "யா அல்லாஹ். நான் எடுத்துக் குடுத்த வண்டியா? இதுக்கா சமாதி மாதிரி கப்ரு கட்டி வச்சிருக்க?"

"நல்லாக் கேளுங்க பாய்" என்றாள் அம்சவல்லி.

"சிரிக்காதீங்க பாய். நம்பர் இல்லாத வண்டி. தூக்கிக்கினு போனா கேக்க நாதி இல்ல."

"அதுக்கு இதுவா வழி? எம்மவன் ஃபைசல் துபாய்ல அவன் வண்டியில ஒரு சாமான் வச்சிருக்கான். ஜிபிஎஸ்ஸு. வண்டி எங்க போனாலும் போன்ல காட்டும். பாண்டிச்சேரியில கெடைக்குது."

அம்சவல்லி பாயைப் பார்த்த பார்வையில் அவர் குடையை விரித்துக்கொண்டார். ஆனால் சிவஞானத்தின் முகத்தில் விடிந்துவிட்டிருந்தது.

"லாரி மேடு வரைக்கும்தான் வரும்" என்று போகும்போது பாய் சொன்னார், அவளிடம். "வரப்புல கெடக்கறது எல்லாம் நாளைக்குள்ள மேட்டுக்கு வந்துடணும் தங்கச்சி. மேல மானம் நல்லா இல்ல."

மறுநாள் காலையில் சிவஞானம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறினான். ஏறும்போது அரைஞாண் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "மத்தியானத்துக்குள்ள வந்துடறேன். சக்கரத்த மட்டும் மறக்காம எடுத்துக்கினு போயிடு. ஊட்ல ஆளு இருக்கமாட்டாங்க."

"யோவ்" என்று தொடங்கினாள். பஸ் போய்விட்டது.

சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தாள். மேற்கே கிளியனூர்ப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டுப் பக்கமிருந்து அவளுக்கு வேறெதுவும் வருவதில்லை, மழை மட்டும் தவறாமல் வரும். உப்பளத்துக்குள் போனபோது கடல் காற்று நின்றிருந்தது. காற்று நின்றால் மழைதான். தெய்வநாயகியும் மற்றவர்களும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணன் எங்க?"

"பூட்டு வாங்கப் போயிருக்குது. போன்ல தெரியற பூட்டு."

யாரும் சிரிக்கவில்லை. எங்கேயோ தூரத்தில் இடித்தது. ஒருத்தி எழுந்து சும்மாட்டைச் சுருட்ட ஆரம்பித்தாள், வேறு வழியில்லாமல். அம்சவல்லி அதைப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்த சக்கரத்தை அப்படியே தொப்பென்று கீழே தள்ளினாள். கோரைப்பாய் பிரிந்து சக்கரம் கொஞ்ச தூரம் தானாக உருண்டு போய்ப் படுத்தது.

"தெய்வா, உன் தம்பிக்குப் போன் போடு. எங்க ஊட்ல அரிசி டிரம்முக்குப் பின்னால பேட்டரி இருக்குது. எடுத்துக்கினு வரச்சொல்லு. சாவி மாடத்துல இருக்குது."

"வண்டிச் சாவியா?"

"ஊட்டுச் சாவிடி. வண்டிச் சாவி அந்த மனுசன் இடுப்புல பாண்டிச்சேரி போயிருக்குது."

சரத்குமார் வந்து சேர்வதற்குள் கீற்றும் மூங்கிலும் பிரிந்து கிடந்தன. அவன் சக்கரத்தை மாட்டினான், பேட்டரியை வைத்தான், டிரெய்லரைக் கோத்தான், ஹேண்டில்பாருக்குக் கீழே கையை விட்டு ஏதோ செய்தான். தவளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அம்சவல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ்ளோதானாடா?"

"அவ்ளோதான்க்கா. ரெண்டு ஒயரு. இதுக்குச் சாவி எதுக்கு?"

"நீ ஓட்டேன் சரத்து."

"கடையில ஆளு நிக்கிறான்க்கா, வண்டியப் பிரிச்சிப் போட்டுட்டு வந்திருக்கேன். நீயே ஓட்டு. கீரு கெடையாது. இதக் கட்டவெரலால அமுக்கினா போவும். இதப் புடிச்சா நிக்கும். வரப்பப் பாரு, சக்கரத்தப் பாக்காத."

முதல் நடையில் அவள் தவளையை நடக்கிறவர்களைவிட மெதுவாக ஓட்டினாள். இரண்டாவது நடையில் தெய்வநாயகி டிரெய்லர் விளிம்பில் ஏறிக் குந்திக்கொண்டு வழி சொன்னாள். வரப்பில் கிடந்த குமியை ஆளுக்கொரு பக்கம் நின்று வாரிப் போடுவார்கள், அம்சவல்லி கட்டைவிரலை அமுக்குவாள், மேட்டில் கவிழ்ப்பார்கள், திரும்புவாள். முந்தானை கழுத்துப்பட்டைக்குள் சொருகியிருந்தது. கூழைக்கூட யாரும் தொடவில்லை. இடி கிட்டே வர வர அவள் விரல் இறுகியது. ஓரிடத்தில் வரப்பு சரிந்து பின்சக்கரம் பாத்திக்குள் இறங்கியது. எல்லாருமாகத் தள்ளிவிட்டார்கள். கூடை தூக்கின தோள்களுக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை.

சிவஞானம் பஸ்ஸிலிருந்து இறங்கி முள்ளுக்காட்டைத் தாண்டினபோது அவன் கண்ணில் முதலில் பட்டது கடைசி அம்பாரம். அதாவது அம்பாரம் இருந்த இடம். மூங்கில் ஒரு பக்கம், கீற்று ஒரு பக்கம், நடுவில் நாலைந்து செங்கல்.

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அளத்துக்காரர்கள் உப்புப் பலகையோடு ஓடிவந்தார்கள். "எடுத்துட்டான்யா, எடுத்துட்டான்" என்று பெரிய வரப்பின் மேல் ஏறி ஓடினான். கையில் ஜிபிஎஸ் டப்பா, இன்னும் பிரிக்காதது. எதிரே தவளை வந்தது. டிரெய்லர் நிறைய உப்பு, உப்பின் மேல் தெய்வநாயகி. ஓட்டுகிற திருடன் சேலை கட்டியிருந்தான்.

சிவஞானம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வழியை மறித்தான். அம்சவல்லி பிரேக்கைப் பிடித்தாள். தவளை அவன் முழங்காலை முகர்ந்து பார்க்கிற தூரத்தில் நின்றது.

"அம்சா, யாரு... எப்பிடி..." இடுப்பைத் தடவினான். "சாவி எங்கிட்ட இருக்குதே."

"திருடனுக்கு ரெண்டு ஒயரு போதுமாம்" என்றாள் அம்சவல்லி. கத்தவில்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். "பொண்டாட்டிக்குத்தான் இத்தினி பூட்டு. தள்ளு."

பலகையோடு வந்தவர்களில் ஒருவன் சிரிக்க வாயைத் திறந்துவிட்டு, அம்சவல்லியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். சிவஞானம் வரப்பிலிருந்து இறங்கிப் பாத்திச் சேற்றில் நின்று வழி விட்டான். சலவை வேட்டி முழங்கால் வரை சேறானது. முதல் சொட்டு அவன் மூக்கில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவனைக் குறை சொல்ல முடியாது. டப்பாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினான். தவளைக்குப் போர்த்தியிருந்த தார்ப்பாயை இழுத்தான், கீற்றை இழுத்தான், கவிழ்த்த உப்பின் மேல் போட்டு மூங்கிலால் அழுத்தினான். பலகைக்காரர்கள், திருடன் பிடிக்க வந்ததுதான் வந்தோம் என்று, கூட நின்று வேய்ந்தார்கள். கடைசிக் குமி ஒன்று வரப்பிலேயே கரைந்தது. மற்றது எல்லாம் மேட்டில், கூரைக்குக் கீழே இருந்தது. மழை அடித்துப் பெய்து, வந்த வேகத்திலேயே கிழக்கே கடலுக்குப் போனது.

"நாளைக்கி வேன்ல ஏறல்ல" என்றாள் தெய்வநாயகி, தலையைப் பிழிந்துகொண்டு. "நாளன்னிக்கி பாத்துக்கலாம். அது அண்ணன் கையில இருக்குது."

மேகம் விலகி மஞ்சள் வெயில் அடித்தது. எல்லாரும் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிவஞானம் தவளையைச் சுற்றிவந்தான். ஒரு தடவை வந்தான், இன்னொரு தடவை வந்தான். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முன்சக்கரத்துப் பக்கம் குந்தி ஸ்பானரை எடுத்தான்.

அம்சவல்லி இடுப்பில் கை வைத்து நின்றாள். எங்கேயாவது அடித்தால் தேவலை போலிருந்தது. ஆனால் குந்தியிருந்தவனின் முதுகில் ஈரச்சட்டை ஒட்டி எலும்பு தெரிந்தது. இந்த மனுஷன் மாறமாட்டான். அந்தக் கூறுகெட்ட தலைக்குள் இருக்கிற பயமெல்லாம் இவள் கழுத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. தோளிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து உதறி, வட்டமாகச் சுருட்டி, அவன் மடியில் போட்டாள்.

"இன்னாது?"

"சும்மாடு. தலையில வச்சிக்கிட்டு அதும்மேல தூக்கி வையிங்க. நடுவாண்ட வையிங்க, இல்லன்னா சரியும்."

"நானா?"

"அப்ப நானா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பொம்பளைகள் கூடையைக் கழுவுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். கோரைப்பாயைச் சுற்றக்கூட நேரம் கொடுக்காமல் தெய்வநாயகியும் இன்னொருத்தியுமாகச் சக்கரத்தைத் தூக்கி அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். அந்த உப்பளத்தில் ஓர் ஆம்பிளை தலையில் சுமையோடு நடந்ததை யாரும் பார்த்ததில்லை. வரப்புக்கு வரப்பு ஆள் நின்று பார்த்தது.

முன்னால் சிவஞானம் நடந்தான். பின்னால் அம்சவல்லி, வெறும் கையோடு. மழைக்கு ஊறின வரப்பு வழுக்கியது. அவன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்திருந்தான். தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன.

"ஏங்க" என்றாள் அம்சவல்லி.

"ம்."

"கழுத்து வலிக்குதா?"

"ம்."

அவள் வழுக்குகிற இடத்தைத் தாண்டிக் காலை ஊன்றினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "பின்னால தவளயாண்ட யாரோ நிக்கிற மாதிரி இருக்குது."

சிவஞானம் நின்றுவிட்டான். திரும்ப முயன்றான். சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்தினான். கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினான். அது காது வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை.

"யாரு?" என்று நேரே ரோட்டைப் பார்த்துக் கேட்டான்.

"ஒரு மனுசி பேசிக்கினே வர்றா" என்றாள் அம்சவல்லி. "திரும்பிப் பாத்து ஒரு வார்த்த பேசினா இன்னா, கொறஞ்சா போயிடும்?"

அவன் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான், நேரே பார்த்தபடி. அவன் முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. 

அம்சவல்லி கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. தவளையின் ஹேண்டில்பாரில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.